நெஞ்செலும்பு கூடும் வரை

அடி அண்ணாமலையில் பாத்திரக்கடை தனத்தைத் தெரியாதவர்கள் கிடையாது. கிரிவலப் பாதையிலிருந்து பிரியும் தெருவில் வீடு, வீட்டை ஒட்டித் தகரக் கூரை போட்ட குடோன். அண்டா, குண்டான், தேக்சா, கரண்டி, ஜமுக்காளம், பிளாஸ்டிக் நாற்காலி என்று கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் பௌர்ணமி அன்னதானத்துக்கும் வேண்டியதெல்லாம் அங்கே வாடகைக்குக் கிடைக்கும். அவள் உட்கார்ந்து பார்த்ததாக யாரும் சொல்ல மாட்டார்கள். சாப்பிடுவதுகூட நின்றுகொண்டுதான். தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு, வாசலில் யாராவது வருகிறார்களா என்று பார்த்தபடியே நாலு வாய் போட்டுக்கொள்வாள்.

அப்படிப்பட்டவளைத்தான், நெஞ்செலும்பு கூடும் வரைக்கும் வீட்டில் சும்மா இரு என்று டாக்டர்கள் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

நோய் இன்று நேற்று வந்ததல்ல. பள்ளிக்கூடம் போகிற வயதில் அவளுக்குத் தொண்டைப் புண்ணும் காய்ச்சலும் வந்து, முட்டி இரண்டும் வீங்கிப் படுத்திருக்கிறாள். ஊசி போட்டார்கள், சரியாகிவிட்டது, எல்லோரும் மறந்தும் போனார்கள். அந்தக் காய்ச்சல் போகிறபோது இதயத்துக்குள் இருக்கும் ஒரு வால்வைக் கெடுத்துவிட்டுப் போயிருக்கிறது. நாற்பதைத் தாண்டிய பிறகு படி ஏறினால் மூச்சு வாங்கியது. பிறகு நடந்தால் வாங்கியது. கடைசியில் படுத்தாலே வாங்கியது. தலையணைமேல் தலையணை வைத்துச் சாய்ந்து தூங்கிவிட்டு, காலையில் எழுந்து அண்டாவை உருட்டப் போய்விடுவாள். கணவர் ராமதாஸ் கேட்டால், "உடம்பு வெயிட்டு ஏறிப்போச்சி, அதான்" என்பாள். கீழ்பென்னாத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் சாமான் இறக்கும்போது, தூக்கிய அண்டாவோடு அப்படியே சரிந்தாள். அதற்கப்புறம்தான் ஸ்கேன், வேலூர், ஆபரேஷன் எல்லாம்.

மாசி மாதத்தில் நெஞ்சைத் திறந்து, பழுதான வால்வை எடுத்துவிட்டு, உலோகத்தில் செய்த ஒன்றை வைத்துத் தைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகச் சொல்லிக் கொடுத்தாள். குடம் தூக்கக் கூடாது. கையை ஊன்றி எழக் கூடாது. தும்மலோ இருமலோ வந்தால் தலையணையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். ரத்தம் உறையாமல் இருப்பதற்கான மாத்திரையை ஆயுசுக்கும் விடக் கூடாது, அதற்கு அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக நடக்கலாம், துணையோடு. தனம் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "கடைக்கு எப்ப போலாம்?" என்று கேட்டாள். நர்ஸ் ராமதாஸைப் பார்த்தாள். ராமதாஸ் சுவரைப் பார்த்தார்.

வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்ற கவலை இருந்தது. மகள் இனியா ஓசூரில் ஒரு கம்பெனியில் இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். ஆபரேஷனுக்கு எடுத்த லீவோடு சரி. ராமதாஸ் பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர். காலையும் மாலையும் ஊருக்குத் தண்ணீர் திறந்துவிட வேண்டும், நடுவில் கடையையும் கவனிக்க வேண்டும். அந்த நேரத்தில்தான் கீழ்பென்னாத்தூரிலிருந்து அவருடைய அக்கா ராஜம்மாள் ஒரு கட்டைப்பையோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். அவளை யாரும் கூப்பிடவில்லை.

தனத்துக்கு அதில் சந்தோஷம் இல்லை. நாத்தனாருக்கும் அவளுக்கும் நடுவில் பேச்சுவார்த்தை அறுந்து வருஷக்கணக்காகிறது. தனத்துக்குச் சீராக வந்த பித்தளை அண்டாக்களை அக்கம்பக்கத்தார் விசேஷத்துக்கு இரவல் வாங்கிப்போவார்கள். ஒரு தடவை ஒன்று நசுங்கித் திரும்பி வந்தது. அடுத்தமுறை கேட்டவரிடம் தனம் கூசாமல் வாடகை கேட்டாள். அவரும் மறுபேச்சில்லாமல் கொடுத்தார். கடை பிறந்தது அப்படித்தான். ஆனால் ராஜம்மாள் ஒரு சாவு வீட்டில், பத்துப் பேர் நடுவே, "பொறந்த ஊட்டு சீர வாடகைக்கு வுட்டுட்டா. நாளைக்கு எங்க தம்பியையும் வுடுவா" என்று சொல்லிவிட்டாள். அந்தப் பேச்சு தனத்தின் காதுக்கு வந்து சேர அதிக நேரமாகவில்லை. அன்றிலிருந்து விசேஷ வீடுகளில் பார்த்தால் "வாங்க", "சாப்டீங்களா" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

இப்போது அதே ராஜம்மாள்தான் அவளுக்குத் தலை வாரிவிட வேண்டியிருந்தது. கையைத் தலைக்குமேல் தூக்கினால் நெஞ்சுக்குள் கம்பியை இழுப்பதுபோல இருக்கும். முதுகு தேய்த்துவிடுவது, ஜாக்கெட் கொக்கி மாட்டிவிடுவது, படுக்கையிலிருந்து தோளுக்கு முட்டுக் கொடுத்து எழுப்புவது எல்லாமே ராஜம்மாள்தான். பேச்சில் ஒரு இனிப்பும் கிடையாது. ஆனால் கை பதமாக இருந்தது. தனத்துக்கு அது இன்னும் எரிச்சலாக இருந்தது. திட்டவும் முடியவில்லை, நன்றி சொல்லவும் வாய் வரவில்லை.

பகல்தான் நீளமாக இருந்தது. சாப்பாடு, மாத்திரை, படுக்கை. மறுபடியும் சாப்பாடு. டிவியைப் போட்டால் கொஞ்ச நேரத்தில் அணைத்துவிடச் சொல்வாள். அணைத்தால் நெஞ்சுக்குள்ளிருந்து அந்தச் சத்தம் கேட்கும். டிக், டிக் என்று, கைக்கடிகாரத்தை வாயில் போட்டுக்கொண்ட மாதிரி. உலோக வால்வு என்றால் அப்படித்தான் கேட்கும், பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். பயமில்லை, ஆனால் ஏதோ வேலைக்கு நேரமாகிவிட்டது, கிளம்பு கிளம்பு என்று உள்ளேயிருந்து ஒருத்தர் விரட்டுவது போலிருந்தது. உடனே எழுந்து ஜன்னலுக்குப் போவாள். குடோனில் கரண்டி விழுந்தால் எந்தக் கரண்டி என்று யோசிப்பாள். வண்டி வந்து நின்றால் யார், எதற்கு, எத்தனை பந்திக்கு என்று அங்கிருந்தே குரல் கொடுப்பாள். குரல் கொடுத்தால் நெஞ்சு வலிக்கும்.

"நெஞ்ச பொளந்து தச்சி அனுப்பிக்கிறாங்க. இப்படி நிலைகொள்ளாம ஆடினே இருந்தா அது எப்பிடி கூடும்?" என்பாள் ராஜம்மாள்.

"சும்மா படுத்துனு இருந்தா பைத்தியம் புடிக்குது அண்ணி."

"புடிக்கட்டும். அதுக்கு வேற டாக்டர் இருக்காரு."

கொல்லையில் முருங்கை தழைத்துக் கிடந்தது. மாத்திரைக்கும் கீரைக்கும் ஒத்துப்போகாது, ஒரே நாளில் ஜாஸ்தியாகச் சாப்பிட்டுவிடக் கூடாது, அளவாக, ஒரே மாதிரி சாப்பிட வேண்டும் என்று டாக்டர் சொன்னதை, கீரையே கூடாது என்று ராஜம்மாள் புரிந்துகொண்டாள். "அளவா துன்னலாம்னுதான் சொன்னாங்க" என்று தனம் வாதாடினாள். "உன் அளவு எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு ராஜம்மாள் சுரைக்காயை நறுக்கினாள். மறுநாளும் சுரைக்காய்.

பங்குனி போய்ச் சித்திரை வந்தது. சித்ரா பௌர்ணமிக்கு முந்தின நாளிலிருந்தே பாதையில் கூட்டம் பெருக ஆரம்பித்துவிட்டது. தனத்துக்கு வருஷத்தில் பெரிய நாள் அதுதான். குடோன் காலியாகும் அளவுக்குச் சாமான் போகும். பௌர்ணமியன்று காலையிலேயே அவள் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, கடையில் வேலை பார்க்கும் முருகையன் மூன்று சக்கர வண்டியில் பாத்திரங்களை ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடலூர்ப் பக்கத்துக் குழு ஒன்று, குபேர லிங்கத்துக்குப் போகும் வழியில் பந்தல் போட்டுச் சாம்பார் சாதம் போடுகிறார்கள். அவர்களுக்கான வண்டி போய் வெகுநேரம் கழித்து, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் தனத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏற்றியவற்றில் அந்தப் பெரிய அலுமினிய அண்டாவும் இருந்தது. அதன் ஒரு பக்கத்துக் காது விரிசல் விட்டிருந்தது. வெல்டிங்குக்குக் கொடுக்க வேண்டும் என்று தனியாக எடுத்து வைத்திருந்தாள். அதற்குள்தான் கீழ்பென்னாத்தூரில் விழுந்துவிட்டாளே. கொதிக்கிற சாம்பாரோடு நாலு பேர் அதை அடுப்பிலிருந்து இறக்கும்போது காது பிய்ந்துகொண்டால்?

ராமதாஸுக்குப் போன் போட்டாள். போகவில்லை. முருகையனுக்குப் போட்டாள். அதுவும் போகவில்லை. பௌர்ணமியன்று அத்தனை பேர் கையிலும் போன் இருக்க, எந்த டவர்தான் தாங்கும். ராஜம்மாள் சாப்பிட்ட அசதியில் கூடத்தில் கண்ணயர்ந்திருந்தாள். எழுப்பினால் என்ன சொல்வாள் என்று தனத்துக்குத் தெரியும். வெயில் சாய ஆரம்பித்திருந்தது. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, சத்தம் வராமல் கதவைத் திறந்து வெளியே வந்தாள்.

முதலில் நன்றாகத்தான் இருந்தது. அத்தனை நாளுக்குப் பிறகு கால் தன்னிஷ்டத்துக்கு நடந்தது. லாரியில் தண்ணீர் கொண்டுவந்து தார் ரோட்டில் அடித்திருந்தார்கள், ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. கூட்டம் முழுக்க ஒரே பக்கமாகப் போய்க்கொண்டிருந்ததால் அவளும் அதோடு போனாள். முந்தி இந்த நாளில் இந்தப் பாதையில் வண்டிக்கு முன்னால் வழிவிடச் சொல்லிக் கத்திக்கொண்டு போவாள். இப்போது யாருடைய தோளும் நெஞ்சில் பட்டுவிடாமல் கையைக் குறுக்கே வைத்துக்கொண்டு ஓரமாகப் போனாள். ஊர்க் கோயிலைத் தாண்டியதும் ஒரு கடையில் சாம்பிராணி புகைந்துகொண்டிருந்தது. புகை தொண்டையில் இறங்க, இருமல் வந்தது. தலையணை இல்லை. இரண்டு கையாலும் தன்னைத்தானே இறுக்கிக் கட்டிப்பிடித்துக்கொண்டு, கம்பத்தில் சாய்ந்து இருமினாள். ஒவ்வொரு இருமலுக்கும் தைத்த இடம் விட்டுவிடுமோ என்றிருந்தது. ஒரு அம்மாள் நின்று, "தண்ணி வேணுமாம்மா?" என்று பாட்டிலை நீட்டினாள். குடித்துவிட்டு, திரும்பிவிடலாமா என்று யோசித்தாள். அண்டாவின் காது கண் முன்னால் வந்தது. மறுபடி நடந்தாள்.

பந்தலை எட்டியபோது சாம்பார் அண்டா அடுப்பிலிருந்து இறங்கிக் கீழே இருந்தது. சாமானோடு வந்திருந்த ராமதாஸ் இலைக்கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தவர் கையிலிருந்ததை அப்படியே போட்டுவிட்டு வந்தார்.

"தனம்? நீ எப்பிடி இங்க வந்த?"

"அந்த அண்டா காது... வெல்டிங் போடல... எறக்காதீங்கன்னு சொல்ல வந்தேன்."

"அது போட்டாச்சே."

"எப்ப?"

"நீ ஆஸ்பத்திரில இருந்தப்பவே. முருகையன்தான் பாத்துட்டு சொன்னான். டவுனுக்கு எட்த்துனு போயி ரெண்டு காதையும் போட்டுனு வந்தோம்."

தனம் குனிந்து பார்த்தாள். காது இரண்டிலும் புது வெல்டிங் அழுத்தமாக இருந்தது. அவள் செய்திருந்தால் ஒரு காதுக்கு மட்டும்தான் போட்டிருப்பாள். வந்ததே வீண் என்பதுகூட அவளை அவ்வளவு உறுத்தவில்லை. தான் இல்லாமலேயே அது முடிந்து, அதைத் தன்னிடம் சொல்லவேண்டும் என்றுகூட யாருக்கும் தோன்றவில்லையே என்பதுதான் உறுத்தியது. நிமிர்ந்தவள் பந்தல் காலைப் பற்றிக்கொண்டாள். ராமதாஸ் தாங்கிப் பிடித்து ஒரு கவிழ்த்த குண்டான்மேல் உட்கார வைத்தார். வேர்த்துக் கொட்டியது. நெஞ்சுக்குள் சத்தம் தாறுமாறான வேகத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

பக்கத்திலேயே பௌர்ணமிக்கான மருத்துவ முகாம் இருந்தது. அங்கிருந்து ஒரு நர்ஸ் வந்து நாடியும் பிரஷரும் பார்த்தாள். தழும்பைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. "ஆபரேஷன் பண்ணி எவ்ளோ நாளாச்சி? யாரு இவங்கள வெயில்ல நடக்க வுட்டது?" என்று ராமதாஸைத்தான் கேட்டாள். தண்ணீர் குடிக்க வைத்து, துடிப்பு இறங்கும் வரைக்கும் அங்கேயே இருந்தாள். இனி நடக்கவே கூடாது, வண்டியில் கொண்டுபோய்ப் படுக்க வையுங்கள், காலையில் டாக்டரைப் பாருங்கள், மூச்சு வாங்கினாலோ மயக்கம் வந்தாலோ காலை வரைக்கும் காத்திருக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வண்டிக்கு எங்கே போவது? பாதையில் ஆட்டோவை விடமாட்டார்கள். ராமதாஸ் இப்படியும் அப்படியும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கூட்டத்தை விலக்கிக்கொண்டு ராஜம்மாள் வந்தாள். கண் விழித்து நாற்காலி காலியாகக் கிடப்பதைப் பார்த்ததுமே, பாத்திரம் போன பந்தலுக்குத்தான் தனம் போயிருப்பாள் என்று ஓடி வந்திருக்கிறாள். செருப்பில்லை, கொண்டை அவிழ்ந்து தொங்கியது. கக்கத்தில் தலையணை.

தலையணையைத் தனத்தின் மடியில் வைத்தாள். முருகையன் பாத்திரம் கொண்டுவந்த மூன்று சக்கர வண்டியைப் பார்த்தாள்.

"அதுல ஜமுக்காளத்த நாலா மடிச்சி போடு" என்றாள்.

அப்படித்தான் பாத்திரக்கடை தனம் தன்னுடைய சொந்த வண்டியில், பாத்திரம் வைக்கும் இடத்தில் ஏறி உட்கார்ந்தாள். முருகையன் மிதிக்கவில்லை, இறங்கித் தள்ளினார். ராமதாஸ் பின்னால் பிடித்துக்கொண்டார். ராஜம்மாள் முன்னால் நடந்தாள். கூட்டம் முழுவதும் ஒரு பக்கமாகப் போக, வண்டி மட்டும் எதிரில் வந்தது.

"எதிர் சுத்து வரக்கூடாதும்மா, பாவம்" என்றார் விபூதி பூசிய ஒருவர்.

"பாவத்த நான் வாங்கிக்கிறேன். நீங்க வழிய வுடுங்க" என்றாள் ராஜம்மாள். அவர் விட்டார்.

தெரிந்த முகங்கள் சில வண்டியைப் பார்த்தன. தனம் தலையணையைக் கட்டிக்கொண்டு முகத்தை அதில் வைத்துக்கொண்டாள்.

வீடு வந்து, படுக்க வைத்து, ராஜம்மாளே மாத்திரை கொடுத்தாள். ராமதாஸைப் பந்தலுக்குத் திருப்பி அனுப்பிவிட்டாள். பிறகு கட்டில் ஓரமாக, தரையில் கால் நீட்டி உட்கார்ந்து உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டாள். அங்கே கொப்புளம் எழும்பியிருந்தது.

"திட்டுங்க அண்ணி" என்றாள் தனம்.

"திட்னா கேப்பியா?" ராஜம்மாள் குரல் எழும்பவில்லை. "எனக்கு மட்டும் இங்க ஒக்காந்துனு இருக்க புடிக்குதா? ஊர்ல மல்லாட்ட புடுங்கற நேரம். என் கடல கொல்லையில யாரு ஆள் கூட்டினு வந்தாங்க, யாரு புடுங்கறாங்க, ஒன்னும் தெரியல. புள்ளைக்கு போன் பண்ணா, எல்லாம் நடக்குதும்மா, நீ கவலப்படாதன்றான். எனக்கு அதான் வயிறு எரியுது. நானில்லாம எப்பிடி நடக்கும்?"

தனத்துக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் வலிக்கும். தலையணையை அழுத்திக்கொண்டாள்.

"அப்ப ஏன் அண்ணி வந்தீங்க? யாரும் கூப்பிடலியே."

ராஜம்மாள் கொப்புளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீ வுழுந்தியே, அந்த மண்டபத்துல நானும் பந்தில ஒக்காந்துனு இருந்தேன். எல்லாரும் ஓட்றாங்க. நான் எழுந்துக்கல. உன் மேல இருந்த கோவத்துல, யாரோ பாத்துப்பாங்கன்னு சோத்த பிசைஞ்சினு இருந்தேன். அப்பறம்தான் சொன்னாங்க, மூச்சே இல்லன்னு." கொப்புளத்தைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, "அந்த சோறு இன்னும் எறங்கல" என்றாள்.

தனம் கையை மெதுவாக இறக்கி, எட்டிய இடத்தில் இருந்த ராஜம்மாளின் தோளில் வைத்தாள். ராஜம்மாள் அதை எடுத்து மறுபடி கட்டில்மேல் வைத்தாள். "கைய தொங்கவுடாத. வலிக்கும்."

மறுநாள் டவுன் டாக்டர் ஸ்கேனும் எக்ஸ்ரே படமும் எடுத்துப் பார்த்தார். வால்வு சரியாக வேலை செய்கிறது, எலும்பும் நகரவில்லை என்றார். பிழைத்தாய் என்பதுபோலப் பார்த்துவிட்டு, நடக்கத்தான் வேண்டும், ஆனால் வெயிலில் தனியாக இல்லை என்றார். வலி சில நாள் இருந்தது. அது குறைந்ததும் இரண்டு பேரும் காலையில் பாதையோரமாக நடக்க ஆரம்பித்தார்கள். ராஜம்மாளுக்கும் கால் பரபரத்துக்கொண்டிருந்தது, அவள்தான் வேகமாக நடப்பாள். "மெதுவா அண்ணி" என்று தனம் சொல்ல வேண்டியிருந்தது. கீரை விஷயத்தையும் ராஜம்மாளே டாக்டரிடம் கேட்டுத் தெளிந்துகொண்டாள். அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒரு நாள், ஒரு கரண்டி.

நடந்துவிட்டு வந்ததும் ராஜம்மாள் சும்மா இருக்க மாட்டாமல் குடோனுக்குள் நுழைந்தாள். முதலில் கூட்டினாள். பிறகு அடுக்கியிருந்ததை மாற்றி அடுக்கினாள். ஒரு நாள் சமையல் மாஸ்டர் சகாதேவன் நசுங்கிய தேக்சாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பேசாமல் நழுவப் பார்த்தார். ராஜம்மாள் அதைத் தூக்கி அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"போறப்ப இது இப்பிடியா இருந்துச்சி?"

"கொஞ்சம்தாம்மா. தட்டினா சரியாயிடும்."

"அப்ப தட்டி எட்த்துனு வாங்க. எங்க தனத்துக்கு சீரா வந்த பாத்தரத்துல ஆரம்பிச்ச கட இது. எவனோ நசுக்கறதுக்கு இல்ல."

ஜன்னலோரம் நாற்காலியில் இருந்த தனம் வாயைத் திறந்தாள். சகாதேவனிடம் அவள் இன்னும் இரண்டு வார்த்தை கூடுதலாகச் சொல்லியிருப்பாள். ஆனால் சகாதேவன் தேக்சாவை வாங்கிக்கொண்டு போய்விட்டார். சொல்ல வந்ததை அவளே முழுங்கிக்கொண்டாள். அது அவளுக்குச் சுலபமாக இல்லை.

வைகாசி பிறந்ததும் ராஜம்மாள் கட்டைப்பையை எடுத்தாள். தனத்தால் இப்போது கையைத் தூக்கித் தானே தலை வாரிக்கொள்ள முடிந்தது. குடோனில் ஒரு நாற்காலி போட்டு உட்காரலாம், ஆர்டர் எடுக்கலாம், பாரம் மட்டும் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பஸ் ஏறும் இடம் வரைக்கும் தனம் கூடவே போனாள். பையை வாங்கப் போனவளை ராஜம்மாள் முறைத்தாள்.

"மல்லாட்ட காஞ்சதும் ஒரு மூட்ட அனுப்பறேன்" என்றாள் ஏறும்போது. "நீ தூக்காத."

பஸ் போன பிறகும் தனம் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். வீட்டுக்குள் போகப் பிடிக்கவில்லை. குடோனுக்கு வந்தாள். முருகையன் சாமான் கொண்டுபோயிருந்தார், ராமதாஸ் தொட்டிக்குப் போயிருந்தார். ராஜம்மாள் அடுக்கிவிட்டுப் போன வரிசை அவளுக்கு ஒத்துவரவில்லை. சின்னக் கரண்டிகளை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்துப் பழைய இடத்தில் மாட்ட ஆரம்பித்தாள். பாதி மாட்டியிருப்பாள், போன் அடித்தது.

"பஸ்ஸு இப்பதான் ஊருக்குள்ள நுழையுது" என்றாள் ராஜம்மாள். "என்னா பண்ணினு இருக்க?"

"சும்மா ஒக்காந்துனு இருக்கேன் அண்ணி" என்றாள் தனம், நின்றுகொண்டே.